எந்தக் கடலில் வைப்பது எம்டனை?

போர்க்கப்பலைச் சின்னதாகச் செய்து மேசைமேல் வைப்பது வெறும் கைவேலை இல்லை. தனியாக நிற்கிறவரை அது பொம்மை. அதற்கடியில் ஒரு கடலையும் எதிரே ஒரு கரையையும் வைத்து, இன்ன தேதி, இன்ன நேரம் என்று எழுதி ஒட்டிவிட்டால் அது வரலாறு எழுதுகிற காரியமாகிவிடுகிறது. 'டயோரமா' எனப்படும் இந்த மாதிரிக் காட்சியில் எழுத்து கிடையாது. ஆனால் கதையாடல் உண்டு. எதைக் காட்டுவது, எதை விடுவது, பார்க்கிற ஆளை எந்தப் பக்கம் நிறுத்துவது என்ற மூன்று முடிவுகளும் செய்கிறவர் கையில் இருக்கின்றன. இந்த மூன்றும் அரசியல் முடிவுகள்.

எங்கள் பனவடலிசத்திரத்திலிருந்து கடலைப் பார்க்கணும்னா தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பஸ் ஏறணும். அப்படிப்பட்ட கரிசல் ஊரிலும் 'அவன் சரியான எம்டன்லா' என்ற பேச்சு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தைச் சுட்ட ஜெர்மன் கப்பலின் பெயர், கப்பலையே பார்த்திராதவர்கள் வாயிலும் 'கெட்டிக்காரன்' என்ற பொருளில் உயிரோடிருக்கிறது. போன வருஷம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் ஒரு கண்காட்சிக்காக எம்டனைச் செய்யக் கிளம்பினார்கள். நானும் கூட உட்கார்ந்தேன்.

அளவு 1:350. எம்டனின் நீளம் 118 மீட்டர். நமக்கு 34 செ.மீ. சார்ட் அட்டையில் உடல்கூடு, தெர்மாகோலில் கடல். பீரங்கிக்குத் தீக்குச்சி போதும் என்றான் ஒருவன். நம்ம பக்கம் தீக்குச்சிக்கா பஞ்சம்? ஆனால் 2 மி.மீ. குச்சியை 350 மடங்கு பெருக்கினால் 70 செ.மீ. தடிமனுள்ள குழாய் வரும். எம்டனின் பத்து பீரங்கிகளும் 10.5 செ.மீ. வாயுள்ளவை. பனைநாரை மெல்லிசாகக் கீறித்தான் வைக்க வேண்டியிருந்தது. பெருமிதம் முதலில் பெருக்கிக் காட்டுவது ஆயுதத்தைத்தான்.

அடுத்தது தூரம். எம்டன் சுமார் 3000 கஜ தூரத்தில் நின்று, தேடுவிளக்கை அடித்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அந்தத் தூரம் நம் அளவில் கிட்டத்தட்ட 8 மீட்டர். கப்பலை ஒரு சுவரோரம் வைத்தால் தொட்டிகள் எதிர்ச் சுவரையும் தாண்டிப் போய்விடும். அதனால் எல்லா டயோரமாக்களும் தூரத்தைச் சுருக்குகின்றன. சுருக்கும்போது எதிரெதிரே நின்ற ஒரு வீரச் சண்டையின் பிம்பம் கிடைக்கிறது. நடந்தது அது அல்ல. சுட்டவர்களுக்குக் கரையிலிருந்த மனிதர்களின் முகம் தெரிந்திருக்காது. சுமார் 130 குண்டுகள் பாய்ந்தன. இரண்டு தொட்டிகள் எரிந்தன. நங்கூரமிட்டு நின்ற 'சுப்ரா' வணிகக் கப்பலும் அடிபட்டது. குறைந்தது ஐந்து பேர் செத்துப்போனார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது: "மாமா, செண்பகராமன எங்க நிப்பாட்டணும்?"

செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்து வெள்ளைக்காரனைச் சுட்டார் என்பது நம்மிடையே ஆழ வேரோடிய கதை. 1:350இல் ஒரு மனிதன் 5 மி.மீ. உயரம்தான். அந்த 5 மி.மீ. உருவம் தளத்தில் ஏறிவிட்டால் ஜெர்மன் பேரரசின் கப்பல் நம்முடைய கப்பலாகிவிடுகிறது. ஆனால் எம்டன் 1910 ஏப்ரலில் ஜெர்மனியைவிட்டுக் கிழக்கே கிளம்பியது. திரும்பிப் போகவே இல்லை. செண்பகராமனோ 1914இல் சூரிச்சில் இருந்தார். பிறகு பெர்லினுக்குப் போனார். இருவரையும் ஒரே தளத்தில் நிறுத்துவது நமது ஏக்கம். அந்த ஏக்கத்தை நான் கேலி செய்யவில்லை. 1908இல் வ.உ.சி.யைச் சிறையில் தள்ளினார்கள். சுதேசிக் கப்பல் கம்பெனி நொடித்துப்போனது. கப்பலைப் பறிகொடுத்த ஜனம், ஆறு வருஷம் கழித்து எஜமானனைப் பதறவைத்த கப்பலில் தன் ஆளைத் தேடியதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் அதே உடல்கூட்டை வேறொரு கடலில் வைத்துப் பாருங்கள். பசிபிக்கில் பொனாப்பே தீவு, அப்போது ஜெர்மன் காலனி. 1910 அக்டோபரில் சோகேஸ் மக்கள் சாலை போடும் கட்டாய வேலையை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். ஜெர்மன் அதிகாரியைக் கொன்றார்கள். 1911 ஜனவரியில் அவர்களை அடக்கப் போன கப்பல்களில் எம்டனும் ஒன்று. பிப்ரவரியில் 15 பேரை நிற்கவைத்துச் சுட்டார்கள். நானூறுக்கும் மேற்பட்டவர்களை நாடுகடத்தினார்கள். அன்றைக்கு எம்டனுக்கு வெள்ளைப் பூச்சு; சென்னைக்கு வந்தபோது சாம்பல் நிறம். மாறியது பெயின்ட் மட்டும்தான். பொனாப்பேக்காரனின் மொழியில் 'எம்டன்' என்றால் கெட்டிக்காரன் என்றா பொருள் வந்திருக்கும்?

ஆகவே கேள்வி கப்பலைப் பற்றியது அல்ல, அடித்தட்டைப் பற்றியது. நாம் எந்தக் கரையில் நின்று பார்க்கிறோம்? ஏகாதிபத்தியங்கள் ஒன்றோடொன்று மோதும்போது ஒன்றை நம் பக்கமாகக் கற்பித்துக்கொள்வது அடிமைப்பட்டவர்களின் பழைய பழக்கம். அதற்கான விலையை ஏதோ ஒரு துறைமுகத்தில் கூலிக்கு வேலை பார்ப்பவர்கள் கொடுக்கிறார்கள்.

பிள்ளைகளோடு நெடுநேரம் பேசினோம். கடைசியில் கப்பலை ஓரத்துக்குத் தள்ளி, கரையை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். எரிகிற தொட்டிகள், சாய்ந்த சுப்ரா, மூட்டை முடிச்சோடு ஓடுகிற 5 மி.மீ. மனிதர்கள். பார்க்கிற ஆள் சென்னைப் பக்கம் நின்றுதான் பார்க்க முடியும். எம்டன் தளத்தில் நம்ம ஆள் இல்லை.

செண்பகராமனைப் போர்க்கப்பலில் வைத்தே தீரணும் என்றால் அதற்கும் ஒரு தேதி உண்டு. 1934இல் பெர்லினில் இறந்தவரின் அஸ்தி, 1966இல் இந்தியக் கடற்படையின் 'டெல்லி' கப்பலில் கொச்சிக்கு வந்தது. அது பிரிட்டனில் கட்டிய கப்பல்; 'அக்கிலிஸ்' என்ற பெயரில் 1939இல் ஜெர்மன் 'கிராஃப் ஷ்பே'யோடு சண்டை போட்டது. அடுத்த வருஷம் அதைச் செய்யலாம் என்கிறார்கள் பிள்ளைகள்.