கந்தூரி: விரிப்பு விழாவான கதை

இராமநாதபுரம் கடற்கரையில் கந்தூரி என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஏர்வாடி. சுல்தான் சையது இபுராகிம் ஷஹீத் அடங்கியிருக்கும் தர்காவில் துல்கஃதா மாதத்தில் கொடியேறும், சந்தனக்கூடு வரும், கொடியிறங்கியதும் நெய்ச்சோறு கொடுப்பார்கள். வாங்கக் கைநீட்டுகிறவர்களில் எல்லாச் சமயத்தாரும் உண்டு.

சொல் பாரசீகத்தது. அங்கே அதற்குத் திருவிழா என்று பொருளில்லை. சாப்பிடத் தரையில் விரிக்கும் தோலோ துணியோதான் கந்தூரி. விரிப்பின் பெயர் அதன்மேல் வைத்த விருந்துக்கு ஆயிற்று. பிறகு பெரியவர்கள் நினைவாக இடும் சோற்றுக்கும், கடைசியில் விழா முழுமைக்கும்.

தமிழில் 'பந்தி'யும் இப்படித்தான். வரிசையைக் குறிக்கும் வடமொழிச் சொல், விருந்தைக் குறிக்க வந்தது. ஆனால் வரிசைக்கு முதலும் கடைசியும் உண்டு. முதல் பந்தியில் யார் உட்காருவது என்பதில் எத்தனை ஊர்ச்சண்டை! விரிப்புக்குத் தலைமாடு கிடையாது.

கீழக்கரைக் கல்யாண வீட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சகன் என்னும் பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து மேலே கறியை வைப்பார்கள். சுற்றி நாலைந்து பேர். அவரவர் தம் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். நடுவில் கை போகக் கூடாது. வேகமாக உண்கிறவர் கையை மட்டுப்படுத்திக்கொள்வார். நல்ல துண்டை எதிரிலிருப்பவர் பக்கம் தள்ளிவிடுவார். முன்பின் தெரியாதவர்கூடச் சகன் காலியாவதற்குள் எந்த ஊர், யார் வீடு என்று சொல்லியிருப்பார். சகன் அரபுச் சொல். தட்டுக்கும் அதுதான் பெயர், பள்ளிவாசல் முற்றத்துக்கும் அதுதான்.

வள்ளல் சீதக்காதி வாழ்ந்த 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரை மரைக்காயர்களின் வணிகம் கிழக்குக் கடல் தாண்டி நடந்தது. அந்தக் கரைகளிலும் கந்தூரி என்ற சொல் இருக்கிறது. மலாய்க்காரர்களுக்குக் கல்யாணச் சாப்பாடும் துக்க வீட்டுச் சாப்பாடும் 'கெந்தூரி'தான். அக்கம்பக்கத்தார் கூடி அரிந்து, கூடிச் சமைப்பார்கள். சுமத்ராவின் அச்சே மீனவர்கள் கடலுக்கென்றே கந்தூரி வைக்கிறார்கள். அன்று யாரும் வலையெடுப்பதில்லை. கொடுக்கிறவர் ஒருவர், வாங்குகிறவர் பலர் என்பது வள்ளன்மை. சீதக்காதியின் புகழ் அது. ஊரே போட்டு ஊரே உண்பது கந்தூரி.

தர்காவில் கந்தூரி எடுப்பது மார்க்கத்துக்கு ஏற்றதல்ல என்று சொல்கிறவர்கள் இக்கடற்கரை ஊர்களில் இன்று பெருகியிருக்கிறார்கள். ஏற்கிறவர்களுக்கும் அவர்களுக்கும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. ஆனாலும் நிக்காஹ் முடிந்து 'சுப்ரா'வை விரித்தால் இரு தரப்பாரும் ஒரே சகனைச் சுற்றி உட்காருகிறார்கள். சுப்ரா என்பதும் சாப்பாட்டு விரிப்புதான். விழாவைப் பற்றித்தான் வழக்கு. விரிப்பைப் பற்றி யாருக்கும் வழக்கில்லை.