கைத்தொழிலும் நம் கல்வியும்

நம் புதுக்கோட்டைச் சீமையில் கமலை கட்டி இறைத்த காலத்தில், சாலின் தோல் வாலைத் தைத்துக் கொடுத்தோர் நம் முன்னோர். செருப்பும் வாரும் பறையும் அவர்தம் கைகளில் உருவாயின. ஆயினும் களத்தில் அளந்த தானியமே அவர்க்குக் கூலி; தம் பொருளுக்கு விலை கூறும் உரிமை அவர்க்கு இருந்ததில்லை. மின்சாரப் பம்புகள் வந்தன. கமலையோடு அவ்வேலையும் மறைந்தது.

தொழிலும் கல்வியும் நேருக்கு நேர் மோதிய காலமும் உண்டு. 1953இல் இராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பயிலுமாறு திட்டமிட்டது. 'குலக்கல்வி' என்று மக்கள் அதனை எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அது நீடித்திருப்பின், நம்முள் எத்தனை பேர் ஆசிரியராகியிருப்போம்?

எனினும், கைவினைஞரைக் கைவிடுதலும் அறமன்று. 2023இல் வந்த மைய அரசின் விசுவகர்மா திட்டம் செருப்புத் தைப்போர், கூடை முடைவோர் உள்ளிட்ட 18 தொழிலினர்க்குரியது. அதில் சேர 18 வயது போதும். தமிழக அரசு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டமோ குலம் பாராது, 35 வயது நிறைந்தோர்க்கு 3 இலட்சம் ரூபாய் வரை கடனும் 50,000 ரூபாய் வரை மானியமும் அளிப்பது. இவ்வயது வேறுபாட்டை நாம் உற்று நோக்க வேண்டும். பதினெட்டு என்பது கல்லூரி வாயிலில் நிற்கும் வயதன்றோ?

இளைஞர்களே! நம் மூத்தோர்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். வங்கிக்கு உடன் செல்லுங்கள். அவர்தம் பொருளுக்கு உரிய விலை கிடைக்க வழி செய்யுங்கள். ஆனால் உங்கள் தொழிலை நீங்களே தேர்ந்து கொள்ளுங்கள்.