கடலில் பறிக்கும் கொழுந்து

தீபாவளிக்கு நம் தானா ராத்தா வீடுகளில் தட்டில் ஊற்றி ஆறவைக்கும் அகார் அகார், கடற்பாசியிலிருந்து வருவது. ஜெர்மனியில் 1881ஆம் ஆண்டு, கிருமி வளர்க்கும் ஜெலட்டின் வெயிலில் உருகி ஆராய்ச்சி கெட்டது. ஆராய்ச்சியாளரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, ஜாவாவில் வாழ்ந்தவர்களிடம் தாம் கற்ற இந்தச் சமையல் பொருளைச் சொன்னார். மறு ஆண்டு காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதிய ராபர்ட் கோக் அகாரைக் குறிப்பிட்டார். அம்மையாரின் பெயரைத்தான் காணோம்!

தமிழ்நாட்டில் இந்தப் பாசியை எடுப்பவர்கள் பாம்பன் பக்கத்து மீனவப் பெண்கள். அதில் ஒரு வகைக்கு அவர்கள் வைத்த பெயர் மரிக்கொழுந்து. விரல்களில் துணி சுற்றி, மூச்சை அடக்கி மூழ்கிப் பறிப்பார்கள். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவாயின. பரம்பரையாகப் போன இடத்தில் அதிகாரிகளுக்குப் பயந்து இறங்கும்படி ஆயிற்று.

பெண்கள் சங்கமாகக் கூடினார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்று தங்களுக்கே வரம்பு கட்டிக்கொண்டார்கள். ஒரு சுற்றுக் கொழுந்து எடுத்தபின் மறு சுற்றுவரை தேயிலைச் செடியை நாம் விட்டுவைப்பதில்லையா? பாசியும் அப்படித்தான் மீண்டும் தளிர்க்கிறது. அவர்களில் ஒருவரான இலட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. இம்முறை பெயர் விட்டுப்போகவில்லை.