கவறு பிடித்த கை

தாமிரவருணி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த சிற்றூர் புன்னக்காயல். கொற்கையும் பழைய காயலும் கடலை விட்டு விலகி உள்நாட்டு ஊர்களாகிவிட்ட பின்னர், முத்துக்குளித்துறையின் பெயரைத் தாங்கி நின்ற துறைகளுள் அதுவும் ஒன்று. 1544-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மன்சிலாஸ் என்னும் போர்ச்சுகீசியர் இவ்வூரில் தங்கிப் பணி செய்து வந்தார். மணப்பாட்டிலிருந்து பிரான்சிஸ் சவேரியார் அவருக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. தவறு செய்யும் மக்களிடத்தும், கெட்ட பிள்ளைகளிடம் ஒரு நல்ல தந்தை நடந்துகொள்வதுபோல் பொறுமையோடு நடந்துகொள்ளுங்கள் என்பது அக்கடிதங்களில் காணும் அறிவுரை.

அந்தத் தந்தையுள்ளத்துக்குச் சான்றாக அவருடைய வரலாறுகளில் ஒரு கதை சொல்லப்படுகிறது. கப்பற் பயணம் ஒன்றில் போர்வீரன் ஒருவன் சூதாடித் தன் கைப்பொருள் அனைத்தையும் தோற்றுவிட்டு மனமுடைந்து நின்றான். சவேரியார் வேறொரு பயணியிடம் சிறுதொகை கடன் வாங்கி அவனிடம் கொடுத்தார். ஆட்டக் கருவியைத் தம் கையில் ஒருமுறை வாங்கி, மீண்டும் அவனிடம் தந்து, “ஆடு” என்றார். அவன் இழந்ததை எல்லாம் மீட்டான். இனிச் சூதாடுவதில்லை என்று உறுதியும் கூறினான். அவர் கையிற் பட்டது சீட்டோ கவறோ, அது நமக்கு முக்கியம் அன்று. அற்புதம் என்பார் அற்புதம் என்க. வரலாறு படிப்பவனுக்கு வேறொரு கேள்வி எழுகிறது. எதிரே அமர்ந்து ஆடியவர்கள் யாவர்? அவர்கள் நேர்மையாக ஆடி வென்ற பொருள் அன்றோ கைமாறிப் போயிற்று? கதையில் அவர்களுக்குப் பெயர்கூட இல்லை.

நம் வீட்டுத் திண்ணைகளிலும் இது நடந்ததுதான். தாயம் விழாமல் அழும் பேரனுக்காகப் பாட்டி தாயக்கட்டையை விரலால் மெல்லப் புரட்டிவிடுவாள். பேரன் சிரிப்பான். எதிரே இருக்கும் பேத்தியின் முகத்தைப் பார்ப்பவர் யார்?

இதே சவேரியார் 1549-ஆம் ஆண்டு மலாக்காவிலிருந்து யப்பானுக்குச் சீன மரக்கலம் ஒன்றில் சென்றார். அதன் தலைவன் வழிநெடுகத் தன் தெய்வத்தின் முன் சீட்டுக் குலுக்கிப் பார்த்தான். காற்று நன்றாக வீசுமா, மேலே செல்லலாமா என்று கேட்பான்; ஒருமுறை நன்று என வரும், மறுமுறை தீது என வரும். தம் பயணம் அச்சீட்டின் கையில் இருந்ததை எண்ணி அவர் பட்ட துயரம், அவ்வாண்டு நவம்பர் மாதம் ககோசிமாவிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் வெளிப்படையாகத் தெரிகிறது. குலுக்குபவன் பிறனாக இருந்து, விளைவு நம்முடையதாக இருக்கும்போதுதான் அந்த அச்சம் விளங்கும்.

அந்த அச்சத்தை நன்கு அறிந்திருந்தவர்கள் உத்தரமேரூர்ச் சபையார். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் அவர்கள் கல்லில் வெட்டிவைத்த குடவோலை முறையைப் பலரும் மக்களாட்சியின் மாண்புக்கு எடுத்துக்காட்டுவர். எனக்கோ, அதனினும் மேலாக, அதிலுள்ள ஐயப்பாடுதான் வியப்பளிக்கிறது. சிறியோரும் பெரியோருமாக ஊரார் கூடவேண்டும். ஊரிலுள்ள நம்பிமார் ஒருவர் விடாமல் வந்திருக்கவேண்டும். அவர்களுள் மூத்தவர் எழுந்து நின்று, எல்லாரும் காணும்படி குடத்தை உயர்த்திப் பிடிக்கவேண்டும். உள்ளே இருப்பது இன்னதென அறியாத ஒரு சிறுவன் ஓலைக்கட்டு ஒன்றை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கிய பின்னரே, ஓர் ஓலையை அவன் எடுத்துக் கொடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்கவேண்டும்! விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாகாது அன்றோ? அவன் படித்த பெயரை நம்பிமார் அனைவரும் படிக்கவேண்டும். அதன் பிறகே அப்பெயர் எழுதப்படும். மத்தியஸ்தன் நல்லவனா, இரக்கமுடையவனா என்று சபையார் கேட்கவில்லை. கையை விரி என்றார்கள், அவ்வளவே.

முத்துக் கடலிலும் இத்தகைய ஏற்பாடு ஒன்று இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில், மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில் முத்துக்குளிப்பு நடந்தபோது, நம் கரையிலிருந்தும் குளியாட்கள் சென்றனர். கொண்டுவந்த சிப்பியை அவர்களே மூன்று குவியலாகப் பிரிப்பர். எந்த இரண்டு அரசுக்கு என்பதை அதிகாரி குறிப்பார், எஞ்சியது குளியாளுக்கு. பிரித்தவன் கைக்குத் தேர்வு இல்லை. தேர்ந்தவன் கைக்குப் பிரிவினை இல்லை. திறவாத சிப்பிக்குள் முத்து உண்டா என்பது மட்டும் இருவரும் அறியாதது.

இப்பழைய வழக்கு நம் காலத்தில் வேறோர் உருவில் எழுந்தது. அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 1974-இல் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டை வெளியிட்டனர். ஆடுவோர் வீரராகவும் மந்திரவாதியாகவும் வேடமேற்பர். நடத்துநர் ஒருவர் கதையைச் சொல்லிச் செல்வார். வெற்றி தோல்வியைக் கவறு முடிவு செய்யும். நடத்துநர் தம் முன்னே சிறு திரை ஒன்றை நிறுத்திக்கொண்டு, அதன் மறைவில் கவறுருட்டும் வழக்கமும் வந்தது. நன்றாக ஆடியவனின் வீரன் ஒரு பொல்லாத எண்ணால் மடியும்போது, அவர் எண்ணை மாற்றிச் சொல்லலாமா? 1979-இல் கைகாக்ஸ் எழுதிய நடத்துநர் கையேடு, கவற்றை மீறும் உரிமை அவருக்கு உண்டு என்றது. மறுப்போர் இன்றும் உளர். எல்லாரும் காணக் கவற்றை மேசை நடுவில் உருட்டுவோரும் உளர்.

அவ்விளையாட்டில் ஆடுவோர் ஒருவரையொருவர் எதிர்ப்பதில்லை. பெரும்பாலும் ஒரே அணியாய் நிற்பர். ஆகவே நடத்துநரின் இரக்கத்தால் எவர் பொருளும் பறிபோவதில்லை என வாதிடலாம். வாதம் நன்றே. ஆயினும், முந்திய வாரம் அதே மேசையில் கவறு சொன்னபடி தன் வீரனை இழந்துவிட்டு, இன்று தோழனுக்காக எண் மாறியதைத் திரையின் ஓரத்தில் கண்டுவிட்ட ஒருவன் அங்கே அமர்ந்திருக்கக்கூடும். சவேரியார் சென்ற கப்பலில் வென்ற பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு எழுந்து போனவர்களும், தாயம் ஆடிய அந்தப் பேத்தியும் அவனுக்கு உறவினரே.