பஸ்காப் பந்தியில் அரிசி: யூத விழாச் சமையலில் விதியும் வழக்கமும்

யூதர்களின் விழாக்களுள் அடுக்களையை முழுமையாகத் தன் ஆளுகைக்குள் கொண்டுவருவது பஸ்காவே. எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் இவ்விழாவின் ஏழு நாள்களும் (இஸ்ரேலுக்கு வெளியே மரபாக எட்டு நாள்கள்) புளித்த மாவுப் பண்டம் எதையும் உண்ணலாகாது; வீட்டில் வைத்திருக்கவும் கூடாது என்பது யாத்திராகமத்தின் கட்டளை. ஆனால் அரிசியும் பருப்பும் பற்றி அக்கட்டளை ஒன்றும் கூறவில்லை. கூறாத ஒன்று எவ்வாறு ஒரு பெரும் சமூகப் பிரிவுக்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் விலக்கானது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

புளிப்பு என்பதற்கு யூதச் சட்டம் வரையறை வகுத்துள்ளது. கோதுமை, வாற்கோதுமை, ஸ்பெல்ட், ரை, ஓட்ஸ் ஆகிய ஐந்து தானியங்களின் மாவு நீருடன் சேர்ந்து, பிசையப்படாமல் 18 நிமிடங்கள் கிடந்தால் அது புளித்ததாகக் கொள்ளப்படும். அந்த நேரத்துக்குள் பிசைந்து, பரப்பிச் சுட்டெடுப்பதே மாட்சா எனப்படும் புளிப்பில்லா அப்பம். ஆகவே புளிக்கும் தகுதியுடைய தானியத்தாலேயே மாட்சாவைச் செய்ய இயலும். அத்தகுதி இல்லாத தானியத்துக்கு இவ்விதியால் தடையும் இல்லை. (தமிழ் விவிலியம் 'ஸ்பெல்ட்' வகையைக் குறிக்கும் எபிரேயச் சொல்லைக் 'கம்பு' என்றே பெயர்த்திருக்கிறது. அதை மட்டும் கொண்டு பார்க்கும் தமிழ் வாசகர் நம் கம்பை ஐந்து தானியங்களுள் ஒன்றாக எண்ணிவிட வாய்ப்புண்டு. அது பொருந்தாது.)

அரிசி இவ்வைந்தினுள் அடங்குமா என்ற வினா தல்மூதிலேயே எழுந்துள்ளது. ரபி யோகனான் பென் நூரி, அரிசியும் ஒரு தானியமே, அதுவும் புளிக்கும் என்றார். ஏனைய அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. அரிசி மாவு புளிப்பதில்லை, கெட்டுப்போகிறது என்பது அவர்கள் முடிவு. அதே பெசாகிம் பகுதியின் பிறிதோரிடத்தில், பஸ்கா இரவில் வைக்கவேண்டிய இரு சமைத்த உணவுகள் எவை என்ற கேள்விக்கு, பீட்கீரையும் அரிசியும் என்று ராவ் ஹூனா விடையளிக்கிறார். இதிலிருந்து யோகனான் பென் நூரியின் கருத்தை எவரும் பொருட்படுத்தவில்லை என்பது தெளிவாகிறது என ராவ் ஆஷி முடிவுகட்டுகிறார். பாபிலோனிய மரபில் அரிசி பொறுத்துக்கொள்ளப்பட்ட உணவாக மட்டும் இருக்கவில்லை. பஸ்காப் பந்திக்கே எடுத்துக்காட்டாகக் கூறப்பட்ட உணவாக இருந்தது. இச்செய்தியை மனங்கொண்டால்தான் பின்னர் நேர்ந்த மாற்றத்தின் அளவு புலப்படும்.

13ஆம் நூற்றாண்டில் வட பிரான்சு நூல்களில் புதியதொரு வழக்கம் தலைகாட்டுகிறது. அரிசி, அவரை, பட்டாணி, பருப்பு முதலியவற்றைப் பஸ்காவின்போது உண்ணாமை என்பது அது. இப்பொருள்கள் எபிரேயத்தில் 'கித்னியோத்' எனப்பட்டன. கோர்பெய் ஊரின் ஐசக் தம் சட்டத் தொகுப்பில் இவ்வழக்கத்தை ஆதரிக்கிறார். அவர் கூறும் காரணம் கவனத்துக்குரியது. இவை புளிக்கின்றன என்று அவர் வாதிடவில்லை. தானியத்தைப் போலவே இவையும் கூழாகக் காய்ச்சப்படுவதால், ஒன்றை அனுமதித்தால் மக்கள் மற்றதையும் அனுமதிக்கப்பட்டதாக மயங்கிவிடுவர் என்பதே அவர் வாதம். அதே இடத்தில், தம் ஆசிரியரான பாரிஸ் நகரத்து யெகியேல் பஸ்காவில் வெள்ளை மொச்சை உண்டுவந்தார் என்ற செய்தியையும் மறைக்காமல் பதிவுசெய்கிறார். ஆசிரியர் உண்டதை மாணவர் விலக்குகிறார். வழக்கம் உருவாகிக்கொண்டிருந்த காலத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

பிற்காலத்தார் வேறு காரணங்களையும் சேர்த்தனர். பயிர்ச் சுழற்சியால் ஒரே வயலில் தானியமும் பயறும் மாறிமாறி விளைந்தன, ஒரே சாக்கில் கட்டப்பட்டன, ஆகவே கோதுமை மணிகள் கலந்துவிடும் என்பது அவற்றுள் ஒன்று. காரணங்கள் இவ்வாறு பெருகுவதே, வழக்கம் முதலில் தோன்றிக் காரணம் பின்னர் தேடப்பட்டது என்பதைக் காட்டுவதாக நான் கருதுகிறேன். 14ஆம் நூற்றாண்டில் யாக்கோபு பென் ஆஷெர் இதனை அளவுமீறிய கடுமை என்று ஒதுக்கினார். 1565இல் வெனிசில் அச்சேறிய யோசேப் காரோவின் 'ஷுல்கான் அருக்' அரிசியை அனுமதித்தது. ஆனால் அந்நூலுக்கு உரைக்குறிப்பு எழுதிய கிராக்கோவின் மோசே இசெர்லெஸ், அஷ்கெனாசிகள் விலக்குவதே வழக்கம், அதிலிருந்து மாறலாகாது என்று பதிவிட்டார். ஒரே பக்கத்தில் இரு சமூகங்களின் இரு சமையல்கள் அச்சில் நிலைபெற்றன.

வேறுபாடு பந்தியில் உடனே தெரியும். பாக்தாத் யூதக் குடும்பங்களில் பஸ்காவுக்கு முன்னர் அரிசியை மணிமணியாக மூன்று முறை ஆய்ந்தெடுப்பர். போலந்திலும் லித்துவேனியாவிலும் அரிசியின் இடத்தை மாட்சாத் தூளும், பின்னர் உருளைக்கிழங்கும் நிரப்பின. மாட்சாத் தூளை முட்டையும் கொழுப்பும் சேர்த்து உருட்டிக் கோழிச் சாற்றில் வேகவைக்கும் 'க்னைட்லாக்' இன்று யூத உணவின் அடையாளமாகவே அறியப்படுகிறது. விலக்கே இத்தகைய சமையலை வளர்த்தது எனலாம். (ஹசிதியர் பலர் மாட்சா ஈரமாவதையே அஞ்சி இதனையும் விலக்கினர்.) செபராதிகள் எல்லோரும் அரிசி உண்டனர் என்று கொள்வதும் தவறு, மொராக்கோ யூதர் பலர் அதைத் தவிர்த்தனர்.

இவ்விலக்கின் சுமையை ஏழைகளே மிகுதியாகத் தாங்கினர். 18ஆம் நூற்றாண்டில் யாக்கோபு எம்டென் தம் தந்தை ஸ்வி அஷ்கெனாசி இதனால் மனம் வருந்தியதைக் குறிப்பிடுகிறார். பயறும் அரிசியும் இல்லாத ஏழைகள் வயிறு நிரம்ப மிகுதியான மாட்சா சுடவேண்டியுள்ளது. பெருமளவில் சுடும்போது கவனம் குறைந்து, உண்மையான புளிப்பே நேர்ந்துவிடுகிறது என்பது அவர் வாதம். கற்பித்த ஐயத்தைக் காக்கப்போய் மெய்யான விதியை மீறும் நிலையை இவ்வளவு கூர்மையாகச் சுட்டியவர் சிலரே. ஆயினும் அவர் வாதம் வழக்கத்தை அசைக்கவில்லை.

அது அசையாமைக்கு அரசியலும் ஒரு காரணம். 1810இல் இஸ்ரேல் யாக்கோப்சன் தலைமையிலான வெஸ்ட்ஃபாலியா யூத ஆட்சிமன்றம் கித்னியோத் உண்ண இசைவளித்தது. சீர்திருத்தவாதிகள் தளர்த்திய எதனையும் விட்டுக்கொடுக்கலாகாது என்ற எண்ணம் வைதிகரிடையே வலுத்தபின், மொச்சையும் பட்டாணியும் கட்சி அடையாளங்களாயின. எனினும் பஞ்சம் போன்ற நெருக்கடியில் இவற்றை உண்ணலாம் என்பதும், நோயாளிக்கும் குழந்தைக்கும் கொடுக்கலாம் என்பதும், வீட்டில் வைத்திருப்பதற்குத் தடையில்லை என்பதும் சட்ட நூல்களில் தொடர்ந்து இடம்பெற்றன. விதிக்கும் வழக்கத்துக்கும் இடையிலான எல்லையை அறிஞர்கள் மறந்துவிடவில்லை.

அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் இவ்வழக்கத்துக்கு ஒரு சோதனையாயின. மக்காச்சோளம் விலக்கப்பட்டது. மாவாக அரைபடும் உருளைக்கிழங்கோ தப்பியது. அதைத் தடுத்தால் கிழக்கு ஐரோப்பிய யூதருக்கு உண்ண என்ன எஞ்சியிருக்கும்? நிலக்கடலை பற்றி 1966இல் எழுதிய மோசே ஃபைன்ஸ்டைன், கித்னியோத் என்பது வழக்கமேயாதலின் வழக்கில் இல்லாத புதுப்பொருள்களுக்கு அதை விரிக்க வேண்டியதில்லை என்றார். இதே தர்க்கம் பின்னர் கினோவாவுக்கு வழிவிட்டது. ஆலை உணவு பெருகியபின் விலக்கு குப்பிக்குள்ளும் புகுந்தது: மக்காச்சோளப் பாகுக்குப் பதிலாகச் சர்க்கரை சேர்த்த கொக்ககோலா, பஸ்காக் காலத்தில் அமெரிக்கக் கடைகளில் மஞ்சள் மூடியுடன் விற்கப்படுகிறது.

1948க்குப் பின் பாக்தாதும் வார்சாவும் ஒரே நகரத்தில், பல வேளைகளில் ஒரே திருமணத்தில் கூடின. மனைவி கணவன் குடும்ப வழக்கத்தைப் பின்பற்றுவதே மரபுத் தீர்ப்பு. அதன்படி அரிசி உண்டு வளர்ந்த பெண் அதை விடவும், விலக்கி வளர்ந்தவள் உண்ணவும் நேரும். 2015 டிசம்பரில் அமெரிக்கக் கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக்குழு கித்னியோத்துக்கு இசைவளித்தது. வைதிக அஷ்கெனாசிகள் இன்றும் விலக்கியே வருகின்றனர். இஸ்ரேலின் கடைகளில் பஸ்காக் காலப் பொட்டலங்கள் பலவற்றின்மீது 'கித்னியோத் உண்போருக்கு மட்டும்' என்ற வரி அச்சிடப்பட்டிருக்கிறது.