இரகசியம்

'ரஹஸ்' என்னும் வடசொல்லுக்குத் தனிமை, ஏகாந்தம் என்பன பொருள். அதனடியாகப் பிறந்த 'ரஹஸ்ய' என்பதே, ரகரம் மொழிக்கு முதலாகாது என்னும் தமிழ் மரபுக்கு இணங்கி, இகரம் முன்னே பெற்று 'இரகசியம்' என வழங்குகிறது. தொழில் இரகசியம் என்னும் தொடரிலும் இவ்வேகாந்தப் பொருளே ஜீவனாக நிற்கிறது. 1995-இல் நடைமுறைக்கு வந்த, அறிவுசார் சொத்துரிமை குறித்த டிரிப்ஸ் உடன்படிக்கையின் 39-ஆம் பிரிவு, பிறர் அறியாமை, அதனால் விளையும் வணிக மதிப்பு ஆகியவற்றோடு, இரகசியத்தைக் காக்க உடையவர் மேற்கொண்ட நியாயமான பிரயத்தனத்தையும் இலக்கணமாக வேண்டுகிறது. மென்பொருள் துறையில் அப்பிரயத்தனத்துள் தலையாயது, எடுத்தாளும் நிரலின் உரிமத்தை முன்னதாகவே வாசித்தறிவதுதான் என்பது என் துணிபு. ஏனெனில், 1991-இல் வெளியான ஜிபிஎல் என்னும் திறமூல உரிமத்தின் இரண்டாம் பதிப்புக்கு உட்பட்ட லினக்ஸ் கெர்னலுள் தன் நுட்பத்தை எழுதிச் சேர்த்து, அதனை ரௌட்டர் பெட்டியில் ஏற்றி விற்கும் நிறுவனம், திருத்திய மூல நிரலையும் வாங்குவோருக்கு அளிக்கக் கடமைப்படுகிறது; அதனால் அந்நுட்பம் இரகசியமாக நில்லாது; அதே திருத்தத்தை வெளியே விநியோகிக்காமல் தன் அலுவலகக் கணினிகளில் மட்டும் ஆளுமாயின், அக்கடமை எழுவதில்லை.