ஆற்றல் பானங்களும் குடல் நுண்ணுயிரிகளும்

ஆற்றல் பானம் (பேச்சுவழக்கில் எனர்ஜி டிரிங்க்) என்பது காஃபீன், சர்க்கரை அல்லது செயற்கை இனிப்பூட்டி, டாரின், பி வகை வைட்டமின்கள், சிட்ரிக் அமிலம் ஆகியவை சேர்ந்த, பெரும்பாலும் கேஸ் ஏற்றிய பானம். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், தூக்கம் ஆகியவற்றின் மீது இதன் விளைவுகள் நீண்ட காலமாக ஆராயப்பட்டு வருகின்றன. குடலில் வாழும் பாக்டீரியாக்களை இது என்ன செய்கிறது என்ற கேள்வி அண்மையில்தான் சூடுபிடித்திருக்கிறது. ஒரு மனித உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் உண்டு என்பது 2016இல் வெளியான மதிப்பீடு. அவற்றில் ஆகப் பெரும்பான்மை இருப்பது பெருங்குடலில்.

யாருக்கான பானம்

இந்தப் பானத்தின் முன்னோடி ஜப்பானில் 1962இல் வந்த லிப்போவிட்டான்-டி. தாய்லாந்தில் 1970களில் வெளிவந்த கிராட்டிங் டெங் லாரி ஓட்டுநர்களையும் கூலித் தொழிலாளர்களையும் நம்பி விற்கப்பட்டது. அதைச் சுவைத்துப் பார்த்த ஆஸ்திரிய வணிகர் ஒருவர், தாய்லாந்து உரிமையாளரோடு கூட்டுச் சேர்ந்து 1987இல் ரெட் புல் என்ற பெயரில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். அங்கே அது பனிச்சறுக்கு வீரர்களின் பானமாகவும் இரவு விடுதிகளின் பானமாகவும் உருமாறி, விலையும் ஏறியது. இந்தியாவில் அந்தப் பாதை தலைகீழாகத் திரும்பிற்று. பெப்சிகோ 2017இல் இறக்கிய ஸ்டிங், 250 மி.லி. பிளாஸ்டிக் பாட்டிலில் 20 ரூபாய்க்குக் கிடைக்கத் தொடங்கியதும், பானம் தன் பழைய வாடிக்கையாளரையே வந்தடைந்தது.

வடசென்னையின் மணலி அந்த வாடிக்கையாளர் நிறைந்த ஊர். 1969இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அதையடுத்து வந்த உர ஆலை, பெட்ரோ வேதிப்பொருள் ஆலைகள், சாத்தங்காடு இரும்பு அங்காடி, கன்டெய்னர் யார்டுகள் என்று ஊரே மூன்று ஷிஃப்டில் ஓடுகிறது. சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கும் போகும் டிரெய்லர்கள் எண்ணூர் விரைவுச் சாலையிலும் டிபிபி ரோட்டிலும் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்பது இந்தப் பக்கத்தாருக்குப் பழகிய காட்சி. கேட் எப்போது திறக்கும் என்று தெரியாமல், வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தியபடி விழித்திருக்க வேண்டிய வேலை அது. தூக்கத்தைத் தள்ளிப்போடும் எதற்கும் இங்கே கிராக்கி உண்டு.

உள்ளே போனது எங்கே தங்குகிறது

குடித்த பானம் முழுவதும் பெருங்குடல் பாக்டீரியாக்களைச் சென்று சேர்வதில்லை. பல எச்சரிக்கைக் கட்டுரைகள் தாண்டிப் போய்விடும் செய்தி இதுதான். காஃபீன் முக்கால் மணி நேரத்துக்குள் அநேகமாக முழுவதுமே சிறுகுடல் வழியாக ரத்தத்தில் ஏறிவிடுகிறது. பி வைட்டமின்களின் பெரும்பகுதியும் அப்படியே. ஆகவே ஒரு பொருள் பாக்டீரியாவைத் தொட வேண்டுமானால் மூன்று வழிகள்தான். சிறுகுடலின் கொள்ளளவுக்கு மிஞ்சி அது வழிந்தோட வேண்டும். அல்லது செரிக்க முடியாததாக இருக்க வேண்டும். அல்லது ரத்தத்தில் ஏறி, கல்லீரல் வழியாகப் பித்தநீரில் கலந்து மீண்டும் குடலுக்கு வர வேண்டும். சர்க்கரை முதல் வழியில் வருகிறது, சுக்ரலோஸ் போன்ற இனிப்பூட்டிகள் இரண்டாம் வழியில். டாரின் வருவது மூன்றாவது வழியில்.

டாரின்

1827இல் காளையின் பித்தநீரிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட கந்தகச் சேர்மம் டாரின். மனித உடல் இதைத் தானே தயாரிக்கிறது. மீன், இறைச்சி வழியாகவும் பெறுகிறது. அசைவம் உண்பவருக்கு ஒரு நாளில் உணவிலிருந்து கிடைப்பது சில நூறு மில்லிகிராமுக்குள். 250 மி.லி. ரெட் புல்லில் உள்ளதோ 1,000 மில்லிகிராம்.

கல்லீரல் பித்த அமிலங்களை டாரினோடோ கிளைசினோடோ இணைத்துக் குடலுக்கு அனுப்புகிறது. கொழுப்பைக் கரைக்கும் வேலை முடிந்ததும் அவற்றில் ஏறக்குறைய 95 சதவீதம் சிறுகுடலின் கடைப்பகுதியில் திரும்ப உறிஞ்சப்படுகிறது. தப்பிய மிச்சம் பெருங்குடலுக்குள் இறங்கும்போது, அங்குள்ள பாக்டீரியாக்கள் டாரினை அதிலிருந்து கழற்றிவிடுகின்றன. கழன்ற டாரினுக்காகக் காத்திருக்கும் ஒரு பாக்டீரியா உண்டு: பைலோஃபிலா வாட்ஸ்வொர்த்தியா. 1989இல் குடல்வால் அழற்சி நோயாளிகளின் மாதிரிகளிலிருந்து அடையாளம் காணப்பட்ட இது, நாம் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் இடத்தில் டாரினிலுள்ள கந்தகத்தைப் பயன்படுத்தி உயிர்வாழ்கிறது. அது வெளிவிடும் கழிவு ஹைட்ரஜன் சல்ஃபைடு.

மணலிக்காரர்களுக்கு இந்த வாயுவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கச்சா எண்ணெயிலிருந்து கந்தகத்தை நீக்கும்போது சுத்திகரிப்பு ஆலைகளில் உண்டாவதும் இதே வாயுதான். அதைக் கந்தகமாக மாற்றிப் பிடித்துவைக்கவே தனிப் பிரிவு இயங்குகிறது. அழுகிய முட்டை நாற்றம் கொண்ட இந்த வாயு அளவு மீறினால் ஆளைக் கொல்லும் என்பதால், ஆலைக்குள் நடமாடுவோர் சட்டையில் கண்டறிகருவி மாட்டியிருப்பார்கள். குடலில் உண்டாகும் அளவு அதனோடு ஒப்பிடத் தக்கதே அல்ல. சிறு அளவில் இருக்கும்போது குடல் சுவர்ச் செல்கள் அதை எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. அளவு கூடும்போது இரண்டு பாதிப்புகள் சொல்லப்படுகின்றன: குடல் சுவரைக் காக்கும் சளிப்படலத்தின் கந்தகப் பிணைப்புகள் அறுந்து படலம் தளர்கிறது, அச்செல்களின் முதன்மை உணவான பியூட்டிரேட்டை அவை எரிக்க முடியாமல் போகிறது.

2012இல் சிகாகோ ஆய்வாளர்கள் எலிகளுக்குப் பால் கொழுப்பு மிகுந்த உணவைக் கொடுத்தனர். டாரின் இணைந்த பித்த அமிலம் கூடியது, பைலோஃபிலா பெருகியது, மரபுவழியாகக் குடல் அழற்சிக்கு ஆட்படக்கூடிய எலிகளில் அழற்சியும் மிகுந்தது. இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடலாகாது. 2021இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் குழு எலிகளுக்குக் குடிநீரில் டாரின் கலந்து கொடுத்தபோது விளைவு நேர்மாறாக இருந்தது. டாரினைத் தின்னும் பாக்டீரியாக்கள் பெருகின. அவை வெளிவிட்ட சல்ஃபைடு, கிளெப்சியெல்லா நிமோனியே என்ற நோய்க்கிருமி குடலில் காலூன்ற விடாமல் தடுத்தது. ஒரே வாயு ஒரு குடலில் காவலாகவும் இன்னொரு குடலில் கேடாகவும் ஆகிறது. எந்தக் குடல், கூடவே என்ன உணவு என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது.

இளவயதினரிடம் பெருங்குடல் புற்றுநோய் பல நாடுகளில் கூடிவரும் நிலையில், ஆற்றல் பான டாரினுக்கும் சல்ஃபைடு உண்டாக்கும் பாக்டீரியாக்களுக்கும் அதில் பங்கு உண்டா என்ற கருதுகோளை ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வைத்துள்ளனர். கருதுகோள் என்ற சொல்லை இங்கே அழுத்தியே படிக்க வேண்டும். டாரின் புற்றுநோய் தருகிறது என்று சமூக ஊடகங்களில் சுற்றும் செய்திகள் அதைத் தாண்டிப் போய்விட்டவை.

சர்க்கரையும் சர்க்கரைக்கு மாற்றும்

250 மி.லி. ரெட் புல்லில் சர்க்கரை 27 கிராம். அதில் ஒரு பகுதி செரிமானத்தில் ஃப்ரக்டோஸாகிறது. சிறுகுடல் ஒரே வேளையில் கையாளக்கூடிய ஃப்ரக்டோஸுக்கு எல்லை உண்டு. மிஞ்சியது கல்லீரலுக்கும் பெருங்குடலுக்கும் வழிகிறது என்று 2018இல் எலிகளில் காட்டப்பட்டது. வெறும் வயிற்றில் மடமடவென்று குடித்தபின் வயிறு உப்புவதும், சிலருக்கு வயிற்றோட்டம் ஆவதும் இப்படி வழிந்ததைப் பாக்டீரியாக்கள் நொதிக்க வைப்பதாலும் இருக்கலாம்.

சர்க்கரை இல்லாத வகைக்கு மாறினால் இந்தச் சிக்கல் தீரும், வேறொன்று தொடங்கும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2022இல் 120 பேரை வைத்து நடத்திய ஆய்வில், சாக்கரின், சுக்ரலோஸ், ஆஸ்பர்டேம், ஸ்டீவியா நான்குமே இரண்டு வாரத்தில் குடல் பாக்டீரியாக்களை மாற்றின. சாக்கரினும் சுக்ரலோஸும் உணவுக்குப் பிந்தைய ரத்தச் சர்க்கரையையும் உயர்த்தின. ஆளுக்கு ஆள் விளைவு வேறுபட்டது. சாக்கரினால் ஒரு மாற்றமும் இல்லை என்று சொன்ன ஆய்வும் இருக்கிறது. ஆற்றல் பானங்களில் சுக்ரலோஸும் அசெசல்ஃபேம் பொட்டாசியமும் அடிக்கடி சேர்வதால், இனிப்பூட்டியின் பெயரை லேபிளில் பார்த்து வாங்குவது வீண் வேலையல்ல.

காஃபீன்

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி ஒரு நாளைய காஃபீன் வரம்பு 300 மில்லிகிராம், 150 மி.லி. டீயில் 30 முதல் 65 மில்லிகிராம், அதே அளவு டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 வரை. 250 மி.லி. ஆற்றல் பானத்தில் சுமார் 75. கணக்கு என்று பார்த்தால் இரண்டு டீக்கு மேல் போகாது. காபி குடிப்போரின் குடலில் லாசனிபாக்டர் அசாக்கரோலிட்டிகஸ் என்ற பாக்டீரியா மிகுந்திருப்பதை 2024இல் 22,000க்கும் மேற்பட்டோரின் தரவுகள் காட்டின. காஃபீன் நீக்கிய காபி குடித்தவர்களிடமும் அது மிகுந்திருந்தது. காரணம் காபிக்கொட்டையின் பிற சேர்மங்களாக இருக்கலாம். காபி நல்லதென்றால் ஆற்றல் பானமும் நல்லதுதானே என்ற வாதம் இங்கே அடிபட்டுப் போகிறது: புட்டியில் இருப்பது காஃபீன், காபிக்கொட்டை அல்ல.

காஃபீனின் பெரிய விளைவு மறைமுகமானது. பாக்டீரியாக்களின் எண்ணிக்கையும் வேலையும் இரவு பகலுக்கேற்ப ஏறி இறங்குகின்றன. அந்தத் தாளத்தை அமைப்பது நாம் உண்ணும் நேரம். அமெரிக்காவிலிருந்து இஸ்ரேலுக்குப் பறந்த இருவரின் மலத்தை, ஜெட் லாக் உச்சத்தில் இருந்தபோது எடுத்துக் கிருமியற்ற எலிகளுக்குச் செலுத்தியதில் அந்த எலிகள் பருத்தன என்பது 2014இல் வெளியான முடிவு. விமானமே ஏறாமல் அதே குளறுபடியை வாரந்தோறும் அனுபவிப்பவர் நைட் ஷிஃப்ட் தொழிலாளி. இரவு ஒரு மணிக்கு ஒரு பாட்டில், மூன்று மணிக்குப் பரோட்டா, விடிந்தபின் தூக்கம் என்றால், பானத்தின் விளைவையும் வேலைநேரத்தின் விளைவையும் பிரித்தெடுப்பது எளிதல்ல.

வெயில், வியர்வை, மாற்றுப் பானங்கள்

கடும் வெயிலில் உழைக்கும்போது உடல் சூட்டைத் தணிக்க ரத்தம் தோலுக்கும் தசைக்கும் திருப்பிவிடப்படுகிறது. குடலுக்கு வரும் ரத்தம் குறைந்து, சுவர்ச் செல்களுக்கு இடையிலான இணைப்புகள் தளர்ந்து, பாக்டீரியாக்களின் எண்டோடாக்சின் என்ற நச்சு ரத்தத்தில் கசியத் தொடங்குகிறது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அத்தகைய வெயிலில் ஆற்றல் பானத்தைத் தாகத்துக்குக் குடிப்பதுதான் மெய்யான தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். ரெட் புல் போன்ற முழுச் சர்க்கரை ஆற்றல் பானத்தில் லிட்டருக்குச் சர்க்கரை 100 கிராமைத் தாண்டும். அவ்வளவு அடர்த்தியான கரைசல் குடலுக்குள் நீரை இழுக்குமே தவிர, உடனே உடலுக்கு நீரைத் தராது.

நீரிழப்பைப் போக்கப் பாக்டீரியாக்களையே வேலை வாங்கலாம் என்று காட்டியது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகள் 48 பேரிடம் நடத்திய ஆய்வு 2000இல் வெளியானது. ஓ.ஆர்.எஸ்.ஸுடன் சிறுகுடலில் செரிக்காத சோள மாவுச்சத்தைச் சேர்த்தபோது வயிற்றுப்போக்கு விரைவில் நின்றது. மாவுச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்துக் கொழுப்பு அமிலங்களாக்க, அவை உப்பையும் நீரையும் உடலுக்குள் இழுத்துக்கொண்டன. வடித்து ஆறவைத்த சோற்றிலும் இந்த வகை மாவுச்சத்து கூடுகிறது. ராயபுரத்தை ஒட்டியுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை, குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு கொடுத்துப் பார்க்கும் ஆய்வைக் கையிலெடுத்ததும் இந்தத் தடத்தில்தான். உப்பிட்ட மோர், கம்பங்கூழ், நீராகாரம் ஆகியவை வயிற்றுக்குக் கொடுப்பவற்றை ஆற்றல் பானம் கொடுப்பதில்லை. பானத்துக்குள் இருப்பவற்றைவிட, அது எந்தச் சாப்பாட்டின் இடத்தைப் பிடிக்கிறது என்பது பாக்டீரியாக்களுக்குப் பெரிய இழப்பாக இருக்கக்கூடும்.

விதிகள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, காஃபீன் பானத்தில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் காஃபீன் இருக்கலாம். ஒரு நாளைக்கு 500 மி.லி.க்கு மேல் குடிக்கக்கூடாது என்றும், குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், காஃபீன் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்க வேண்டும் என்றும் லேபிளில் அச்சிட வேண்டும். பெட்டிக்கடையில் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் அந்த வரிகள் பொடியெழுத்தில் இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் இவற்றின் மீதான ஜி.எஸ்.டி. 40 சதவீதம். லிதுவேனியா, லாட்வியா, போலந்து ஆகியவை 18 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதையே தடை செய்துள்ளன. இந்திய விதிகள் பெரும்பாலும் காஃபீன் அளவை வைத்தே வரையப்பட்டவை, 500 மி.லி. என்ற வரம்பு அந்தக் கணக்கில் 150 மில்லிகிராமைத் தாண்டவிடாது. அதே அரை லிட்டரோடு 2 கிராம் டாரினும் உள்ளே போகலாம்.